வலப்பக்கக் கதவு

கனகாம்பிகைக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். கரவெட்டிப் பக்கத்தில் அவள் தபால் கொடுக்கும் வீடுகளில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் நாயைக் கட்டாமல் விட்டுவிட்டு, "அது கடியாது, சும்மா குலைக்கும்" என்று சிரித்தார். அவள் பதிவுத்தபாலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நாய் கையெழுத்துப் போடுமெண்டால் அதைக் கூப்பிடுங்கோ, குடுக்கிறன்" என்றாள், மெதுவாக. அடுத்த நாள் நாய் கட்டியிருந்தது.

வயது நாற்பத்தொன்பது. இருபத்துமூன்று வருடமாகத் தபால்காரி. சண்டைக் காலத்தில் சோதனைச்சாவடியில் பையைக் கொட்டச் சொன்னவனிடம், "நான் கொட்டமாட்டன். நீ கொட்டினால் நீயே அடுக்கித் தரவேணும்" என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றவள். அவன் அலுத்துப்போய் விட்டுவிட்டான். கணவர் இராசநாயகம் வெங்காயத் தோட்டம் செய்கிறார். சாதுவான மனிதர். "இவவுக்குக் கோவம் வாறது எனக்கும் சேத்துத்தான்" என்பார்.

முதல் பதினேழு வருடமும் சயிக்கிள். பிறகு தபால் கந்தோரிலிருந்து ஒரு ஸ்கூட்டர் கொடுத்தார்கள். அந்த ஸ்கூட்டரில் அவளுக்குக் குறையே இருக்கவில்லை. எந்தக் குறுகிய ஒழுங்கைக்குள்ளும் நுழையும். வீட்டு வாசல் படலையடியில் ஒரு காலை ஊன்றி, "போஸ்ட்!" என்று ஒரு சத்தம், ஒரு கை நீட்டல், அவ்வளவுதான். இறங்கவே தேவையில்லை. பன்னிரண்டு மணிக்கு முன்னம் கந்தோருக்குத் திரும்பிவிடுவாள்.

அந்த ஸ்கூட்டரைப் பறித்துவிட்டு ஒரு வானைக் கொடுத்தார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது.

வானைக் கொடுத்தவர் நாகலிங்கம். ஊரைவிட்டு முப்பத்தைந்து வருடத்துக்கு முன் போனவர், ரொறன்ரோவில் இருக்கிறார். தாய் காலமான பிறகு அந்தத் தாயின் பெயரில் ஊருக்கு ஏதாவது செய்ய நினைத்தார். கோயிலுக்கு ஏற்கெனவே மூன்று பேர் செய்துவிட்டார்கள். அவருடைய தாய் ஒவ்வொரு நாளும் மகனுடைய கடிதத்துக்காகப் படலையில் நின்றவர், ஆகவே தபாலுக்குச் செய்வோம் என்று முடிவெடுத்தார். நல்ல மனதோடுதான் செய்தார். இதைக் கனகாம்பிகையும் மறுத்ததில்லை.

தைப்பொங்கல் கழிந்த கிழமை கந்தோர் வாசலில் பந்தல் போட்டு, மேளம் வைத்து, வானுக்கு மாலை போட்டார்கள். நாகலிங்கம் மைக்கைப் பிடித்தார்.

"கனடாவிலை கிராமப்புறங்களுக்குத் தபால் குடுக்கிறவைக்கு எண்டு தனி வாகனம் இருக்கு. மற்ற எல்லா வாகனத்துக்கும் ஸ்டியரிங் இடப்பக்கம். தபால் வாகனத்துக்கு மட்டும் வலப்பக்கம்! ஏன் தெரியுமோ? தபால்காரர் சீற்றிலை இருந்தபடியே கையை நீட்டிப் பெட்டிக்குள்ளை கடிதத்தைப் போடலாம். அதே மாதிரி வலப்பக்க ஸ்டியரிங்கோடை, பக்கத்திலை கடிதம் அடுக்கிற தட்டோடை, படத்தைப் பாத்து அச்சொட்டாய்ச் செய்விச்சிருக்கிறன். இலங்கையிலையே இதுதான் முதல் வாகனம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். வானின் திறப்பு வைத்த தட்டோடு பின்னால் நின்ற கனகாம்பிகை கைதட்டவில்லை. அவள் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு லொறி போனது. ஸ்டியரிங் வலப்பக்கம். ஒரு மினி பஸ் போனது. வலப்பக்கம். விழாவுக்கு வந்த பெரியவர்களின் கார்கள் நான்கு வரிசையாக நின்றன. நாலும் வலப்பக்கம்.

பக்கத்தில் நின்ற போஸ்ட் மாஸ்ரர் அருளம்பலத்திடம் குனிந்து சொன்னாள்: "மாஸ்ரர், இந்த நாட்டிலை ஓடுற எந்த வாகனத்துக்கு ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கு?"

"உஷ்."

"அவை அங்கை றோட்டின்ரை வலப்பக்கத்தாலை ஓடுகினம். அதாலை வலப்பக்கம் இருந்தால் படலைக்குக் கிட்ட. நாங்கள் இடப்பக்கத்தாலை ஓடுறம். எனக்குப் படலை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"கனகம், ஒரு மனுசன் குடுக்கிற நேரத்திலை குறை சொல்லப்படாது. போய்த் திறப்பைக் குடும்."

கொடுத்தாள். படத்துக்கும் நின்றாள். அந்தப் படத்தில் சிரிக்காமல் இருப்பவள் அவள் ஒருத்திதான்.

அன்று பின்னேரமே ஸ்கூட்டரை வேறு ஒரு கந்தோருக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வான் ஓட்ட அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவள் அந்தக் கந்தோரில் அவள் மட்டும்தான். கணவருடைய தோட்டத்துச் சாமான்களைச் சந்தைக்கு ஏற்ற எப்போதோ எடுத்துவைத்தது, இப்போது அதுவே அவளைப் பிடித்துக்கொண்டது.

வானில் இடப்பக்கச் சீற்றைக் கழற்றிவிட்டு அங்கே இரும்புத் தட்டுகளை ஒட்டியிருந்தார்கள். தட்டு இடப்பக்கக் கதவை முட்டிக்கொண்டு நின்றதால் அந்தக் கதவு திறக்காது. கண்ணாடியை இறக்கலாம், ஆனால் தட்டைத் தாண்டி அவ்வளவு தூரம் கை எட்டாது. ஆகவே ஒவ்வொரு கடிதத்துக்கும் வானை இடப்பக்க ஓரத்தில் நிறுத்தி, வாகனங்கள் பறக்கும் வலப்பக்கத்தால் இறங்கி, முன்பக்கத்தால் சுற்றிப் படலைக்குப் போய், திரும்பச் சுற்றி வந்து ஏறவேண்டும். ஒரு நாளைக்கு எழுபது தரம், எண்பது தரம். ஒழுங்கைகளுக்குள் இன்னொரு கரைச்சல். உள்ளே போனால் திருப்ப இடமில்லை. வேலிக் கதியால்கள் இரண்டு பக்கமும் உரஞ்ச, கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னுக்கே வரவேண்டும். எதிரே ஒரு மாட்டுவண்டிலோ லான்ட்மாஸ்ரர் உழவுயந்திரமோ வந்துவிட்டால் ஆர் பின்னுக்குப் போவது என்று ஒரு வழக்கு.

பன்னிரண்டு மணிக்கு முடிந்த வேலை இரண்டரைக்கு முடிந்தது. முழங்கால் வீங்கியது. ஒரு ஆசிரியை, "கிளினிக் கடிதம் நேற்றே வந்திருக்கவேணும், வான் வந்தாப் பிறகு கெதியா வரும் எண்டெல்லோ சொன்னவை?" என்று கேட்டார். பொறுப்பில்லாதவள் என்று ஒருவர் தன்னை நினைப்பதைக் கனகாம்பிகையால் தாங்கவே முடியாது.

அவள் மேலிடத்துக்கு எழுதினாள். ஒன்றல்ல, மூன்று கடிதம். ஒவ்வொன்றிலும் படம் கீறியிருந்தாள்: றோட்டு, வான், படலை, தான் நடக்கும் பாதைக்கு அம்புக்குறி. மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது. "நன்கொடையாளரின் பெருந்தன்மையைக் கருத்திற் கொண்டு, உத்தியோகத்தர் தம்மை வாகனத்துக்குப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும்."

அந்தக் கடிதத்தை அன்றிரவுச் சாப்பாட்டின்போது இராசநாயகத்துக்கு வாசித்துக் காட்டினாள். அவர் பிட்டைப் பிசைந்தபடி, "நீ என்ன, வளைக்கிற கம்பியே?" என்றார். அவருக்குக் கோபம் வந்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

வைகாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. பருத்தித்துறை வீதியில் ஒரு வீட்டு வாசலில் வானை நிறுத்தினாள். கண்ணாடியைப் பார்த்தாள். றோட்டு வெறுமையாகக் கிடந்தது. கதவைத் திறந்தாள். வானுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு ஒழுங்கை வந்து ஏறுகிறது. அதற்குள்ளால் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று திரும்பி, வானைச் சுற்றி வெளியே எடுத்தது. கதவின் விளிம்பு ஹாண்டிலில் அடிக்க, ஓட்டி வந்தவர் வலத் தோள் தாரில் அடிபட விழுந்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. மோட்டார் சைக்கிள் சறுக்கிக்கொண்டு போய் மதகில் முட்டியது. பெட்டி உடைந்து, பாரையும் விளைமீனும் ஐஸும் தாரில் சிதறின. அந்த மனிதர் எழும்பி இருந்துகொண்டு, ஒரு கையால் மறுதோளைப் பிடித்தபடி அவளைக் கண்டபடி பேசத் தொடங்கினார். அவள் வாழ்நாளில் கேட்காத பேச்சு. அவரைப் பிடித்து எழுப்பி, பின்னால் வந்த ஓட்டோவை மறித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார்.

அவர் பெயர் நடராசா. பருத்தித்துறைக் கரையில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்பவர். காறை எலும்பு முறிந்து, தோள்மூட்டும் பாதிக்கப்பட்டிருந்தது. மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது என்றார்கள்.

இரண்டாம் நாள் அவள் பார்க்கப் போனபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏன் வந்தனீர்? நான் செத்தனோ எண்டு பாக்கவோ?"

"நீங்கள் என்னைப் பேசலாம். நான்தான் கதவைத் திறந்தனான்."

"பின்னை வேறை ஆர் திறந்தது? கடவுளே?"

"நான்தான். ஆனால் என்னை அந்தக் கதவாலை இறங்க வைச்சவை இருக்கினம். அவையை நான் சும்மா விடமாட்டன்."

அவள் கொண்டுபோன தோடம்பழத்தை அவர் தொடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், மழைக்கு ஒதுங்கி நின்ற சனத்துக்கு நடுவில், அவள் கனடாவுக்கு அழைப்பு எடுத்தாள். நாகலிங்கத்தின் இலக்கத்தை விழாவன்று அவரே கொடுத்திருந்தார், ஏதும் தேவையென்றால் கேளுங்கோ என்று. அங்கே விடியப்புறம். அவர் நித்திரைக் குரலில் எடுத்தார்.

"அண்ணை, நான் கனகாம்பிகை, தபால்காரி. உங்கடை வானாலை ஒரு மனுசன்ரை தோள் முறிஞ்சு போச்சு."

"ஐயோ! பிரேக் பிழையோ?"

"வானிலை ஒரு பிழையும் இல்லை. ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. நீங்கள் கனடாவிலை றோட்டின்ரை எந்தப் பக்கத்தாலை ஓடுறனீங்கள்?"

"வலப்பக்கத்தாலை."

"நாங்கள்?"

"நீங்கள் இடப்ப..."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. நாகலிங்கம் மூச்சுவிடுவது கேட்டது.

"நான் விழாவிலையே சொன்னனான்," என்றாள். அவளுடைய குரல் பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "ஒருத்தரும் கேக்கேல்லை. மேளச் சத்தம்."

"பிள்ளை, நான்..."

"நான் பிறகு எடுக்கிறன்." வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவும் இல்லை.

விசாரணை இரண்டு கிழமைக்குப் பிறகு கந்தோரின் பின்னறையில் நடந்தது. விசாரிக்க வந்தவர் லெனாட் என்ற அதிகாரி. கொழும்புத்துறைக்காரர், மரியாதையான மனிதர், நல்ல சேர்ட். மேசையில் படிவம் தயாராக இருந்தது. ஒரு மூலையில் போஸ்ட் மாஸ்ரர் அருளம்பலம் வேர்த்துக்கொண்டு இருந்தார். மற்ற மூலையில் கையைத் தூக்குத்துணியில் போட்டபடி நடராசா. அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்.

"கதவைத் திறக்க முன்னம் பின்னாலை பாத்தனீங்களோ?" லெனாட் கேட்டார்.

"ஓம், பாத்தனான்."

"பாத்திருந்தால் இவர் தெரிஞ்சிருக்க வேணுமே."

"ஒழுங்கைக்குள்ளாலை ஏறினவர். கண்ணாடியிலை விழ முன்னம் கதவிலை பட்டிட்டார்."

லெனாட் நடராசாவைப் பார்த்தார். "அப்பிடியோ?"

"எனக்கு இவவிலை கோவம்," என்றார் நடராசா. "தொழிலும் போய் வீட்டிலை குந்திக்கொண்டு இருக்கிறன். ஆனால் அவ சொல்லுறது உண்மை. நான் ஒழுங்கையாலைதான் வந்தனான்."

லெனாட் பேனையை வைத்துவிட்டுத் தணிந்த குரலில், "அம்மா, கவனக்குறைவு எண்டு போட்டால் ஒரு எச்சரிக்கையோடை முடிஞ்சிடும். இழுத்தால் உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார்.

"என்ரை கவனம் எங்கை குறைஞ்சது?"

"விபத்து நடந்திருக்குத்தானே."

"ஐயாவுக்கு வாகனம் ஓட்டத் தெரியுமோ?"

"ஓம், ஏன்?"

அவள் வானின் திறப்பை எடுத்து அந்தப் படிவத்தின் மேல் வைத்தாள். "இண்டைக்குக் குடுக்க எழுபத்திரண்டு கடிதம் இருக்கு. நீங்கள் ஓட்டுங்கோ, நீங்களே இறங்கிக் குடுங்கோ. நான் பின்னாலை பையோடை இருக்கிறன். முடிஞ்சு வந்து நீங்கள் எதை எழுதினாலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறன்."

"கனகம்! என்ன கதை இது?" அருளம்பலம் எழும்பிவிட்டார்.

லெனாட் சிரித்தார். கொஞ்சம் விளையாட்டாகவும், மற்றவர்கள் முன்னால் பின்வாங்கக் கூச்சப்பட்டும் திறப்பை எடுத்தார். நடராசாவும் எழும்பி, "நானும் வாறன். பாப்பம்" என்றார்.

பத்தாவது படலையில் லெனாட் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். இருபதாவதில் சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. இறங்காமல் கொடுக்கலாமா என்று ஓரிடத்தில் தட்டுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கைமணிக்கூட்டுப் பட்டி கம்பியில் கொழுவி, ஒரு தட்டுக் கடிதம் முழுக்கக் காலடியில் கொட்டுண்டது. அவர் குனிந்து பொறுக்கி, திரும்ப அடுக்கினார். வீட்டு இலக்கப்படி அடுக்கத் தெரியாததால் அடுத்த ஒழுங்கைக்குள் இரண்டு தரம் போய்வர வேண்டி வந்தது. இரண்டாம் தரம் பின்னுக்கு எடுக்கும்போது வானின் காதுக் கண்ணாடியைக் கதியாலில் உரஞ்சினார்.

பிறகு பருத்தித்துறை வீதி. அதே இடம், அதே வீடு. லெனாட் வானை நிறுத்தினார். கையைக் கதவில் வைத்தார். ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசினாற்போல் போக, வான் ஆடியது. பொறுத்து, கண்ணாடியைப் பார்த்து, கதவை ஒரு சாண் திறந்தார். எங்கிருந்தோ ஒரு மோட்டார் சைக்கிள். டக்கென்று சாத்தினார். திரும்பத் திறந்தார். திரும்பச் சாத்தினார்.

"ஏன் ஐயா நிக்கிறியள்?" பின்னாலிருந்து அவள் கேட்டாள். "கடிதம் உங்கடை கையிலை. படலை அந்தப் பக்கம்."

"இறங்க ஏலாமல் கிடக்கு."

"நான் இறங்கினனான். நாலு மாதம். மழைக்கும் வெயிலுக்கும். இறங்க ஏலாது எண்டு மூண்டு கடிதம் எழுதினனான். பழக்கப்படுத்திக்கொள் எண்டு பதில் வந்தது. பழகினன் ஐயா. பழகினபடியால்தான் இவர் இப்பிடி இருக்கிறார்."

நடராசா தன் நல்ல கையால் முன்சீற்றைத் தட்டினார். "ஐயா, நான் வந்தது உந்த ஒழுங்கையாலைதான். திரும்பிப் பாருங்கோ. தெரியுதோ?"

லெனாட் திரும்பிப் பார்த்தார். வானின் பின்பக்கம் மறைத்தது. ஒழுங்கை தெரியவில்லை. இடப்பக்கத்தால் இறங்கலாமென்றால் தட்டு. அவர் கடிதத்தை அவளிடம் திருப்பி நீட்டினார். எழுபத்திரண்டில் முப்பத்தாறுதான் முடிந்திருந்தது. மிச்சத்தை அவள் நடந்துபோய்க் கொடுத்தாள்.

அறிக்கையில் அவர் நேர்மையாக எழுதினார். இந்த வான் வீடு வீடாகத் தபால் கொடுக்க ஏற்றதல்ல, கந்தோருக்குக் கந்தோர் பைகள் ஏற்ற மட்டும் பாவிக்கலாம் என்று. அதே கிழமை நாகலிங்கமும் மேலிடத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார், பிழை தன்னுடையது, தபால்காரியுடையதல்ல என்று. அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று அருளம்பலத்துக்கு வந்தது. அதை அவர் கனகாம்பிகைக்குக் காட்டினார். அவளுக்கென்று நாகலிங்கம் ஒரு வரி எழுதவில்லை. வாகனத்துக்காக மேளம் அடித்தவர்களிலும் ஒருவரும் வந்து கதைக்கவில்லை.

ஆடி முடியுமுன் அவளுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வந்தது. கூடவே மேலிடத்திலிருந்து ஒரு கடிதம்: "மேற்படி உத்தியோகத்தர் இம்முறை மன்னிக்கப்படுகிறார்."

அருளம்பலம் சந்தோசமாகக் கொண்டுவந்து நீட்டினார். "கையெழுத்தை வையும், கனகம். அலுவல் முடிஞ்சுது."

அவள் நின்றபடியே வாசித்தாள். "என்னத்துக்கு மன்னிக்கினம்?"

"அது அவையின்ரை பாசை. நீர் அதை..."

"நான் ஒரு குற்றமும் செய்யேல்லை எண்டுதானே அறிக்கை சொல்லுது? பேந்தென்ன மன்னிப்பு? வேணுமெண்டால் அவை என்னட்டைக் கேக்கட்டும்."

'மன்னிக்கப்படுகிறார்' என்ற சொல்லின் கீழே கோடு கீறி, கடிதத்தைத் திருப்பி அனுப்பினாள், பதிவுத்தபாலில், தன் கையாலேயே முத்திரை குத்தி. ஒரு மாதத்தில் அதே வசனத்தோடு இன்னொன்று வந்தது. அதையும் திருப்பினாள். "ஒரு சொல்லுக்காக உத்தியோகத்தைக் கெடுத்துப்போடாதையும்" என்று அருளம்பலம் கெஞ்சினார். இராசநாயகத்தைக் கண்டும் சொல்லியிருக்கிறார். அவர், "மாஸ்ரர், அவ சொல்லுறது சரிதானே?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

மூன்றாவது கடிதம் ஐப்பசியில் வந்தது. "உத்தியோகத்தர் மீது தவறில்லை எனக் காணப்பட்டது." அவள் அதை இரண்டு தரம் வாசித்து, கையெழுத்து வைத்து, பிரதியைக் கடிதக் கோவையில் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அன்றைய தபால் ஏற்கெனவே பிந்தியிருந்தது.

நடராசாவின் தோள் சரிவரவில்லை. எலும்பு பொருந்தியது, ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பாது. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் சுற்ற அவரால் இனி ஏலாது. சந்தியில் ஒரு வாடகை மேசை போட்டு மீன் விற்கிறார். கனகாம்பிகை கிழமைக்கு இரண்டு நாள் அங்கே ஸ்கூட்டரை நிறுத்துவாள். அவர் சிரிக்கமாட்டார். அவளும் சிரிக்கமாட்டாள்.

ஒருநாள் மீனை வெட்டிக்கொண்டே அவர், "எனக்கு இன்னும் கோவம் ஆறேல்லை" என்றார். கத்தி இடக்கையில் இருந்தது.

"எனக்கும்தான்" என்றாள் அவள். "முள்ளை எடுக்காதேங்கோ, குழம்புக்குத்தான்."

அவர் துண்டுகளைப் பையில் போட்டுக் கொடுத்தார். அவள் அதை ஸ்கூட்டரில் கொழுவிக்கொண்டு, அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பினாள். அங்கே இன்னும் ஏழு கடிதம் கொடுக்க இருந்தது.